பீர் மட்டும்தானுங்க டாக்டர்

1/
நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். எனக்கு பீர் பிடிக்கும். இந்த ரெண்டு வாக்கியத்தையும் சேர்த்து எழுத எனக்குப் பல வருஷம் ஆச்சு. என்னை எழுத வெச்சது ஒரு நோயாளி சொன்ன ஒத்தை வரி. கிராஃப்ட் பீர், கள்ளு, டாஸ்மாக் மூணையும் பத்தி ஒரு நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
கிராஃப்ட் பீர்னா என்னன்னு கேக்கிறவங்களுக்கு: பெரிய ஆலையில தயாராகி லாரி லாரியா பாட்டில்ல வர்றது இல்ல. சின்ன அளவுல, பெரும்பாலும் அந்தக் கடைக்குள்ளயே எஃகுத் தொட்டி வெச்சுத் தயாரிச்சு, குழாயில இருந்து நேரா கிளாஸ்ல ஊத்தித் தர்றது. நமக்குப் பக்கத்துல இதுக்குப் பேர் போன ஊர் பெங்களூரு. இந்திராநகர் ‘டாய்ட்’ பேரைக் கேள்விப்படாத கோயம்புத்தூர் ஐ.டி. பசங்க கம்மி.

3/
சனிக்கிழமை டூட்டி முடிஞ்சா நண்பர்களோட பெங்களூருக்கு ரயில் ஏறுறது ஒரு காலத்துல எனக்கு வழக்கமா இருந்துச்சு. போனதும் ‘சாம்பிளர்’ கேப்போம். ஒரு மரத்தட்டுல ஆறு குட்டி கிளாஸ், ஒவ்வொண்ணுலயும் ஒரு வகை. மோந்து பார்த்து, ஒரு வாய் குடிச்சு, குறிப்பேட்டுல எழுதி வெப்பேன். ஆமா, நோட்டு போட்டு எழுதுற ஆள் நான். சிரிக்காதீங்க.

4/
அதுல ஒரு அழகு இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். பீருக்கு அடிப்படை நாலே பொருள்: முளைகட்டிய பார்லி, தண்ணி, ஈஸ்ட், ஹாப்ஸ்ங்கிற ஒரு பூ. கோதுமை சேர்த்துப் பண்ற ஜெர்மன் வகையில வாழைப்பழ வாசனை வரும், லேசா கிராம்பு வாசனையும் வரும். உள்ள வாழைப்பழமும் இல்ல, கிராம்பும் இல்ல. அந்த வாசனை ரெண்டையும் உண்டாக்குறது ஈஸ்ட்ங்கிற கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. கறுப்பா இருக்கிற ஸ்டவுட்ல காபி வாசம் அடிக்கும். காபித்தூள் போடணும்னு அவசியமே இல்ல, பார்லியைக் கருக வறுத்தாலே அந்த வாசம் வந்துரும்.

5/
இந்த ஈஸ்ட் கதை நம்ம ஊருக்குப் புதுசில்ல. பொள்ளாச்சித் தென்னையிலயும் ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பனையிலயும் பாளையைச் சீவி முட்டி கட்டினா இறங்குற சாறு இனிப்பானது. முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவினா புளிக்காது. அதுதான் நாம தெளுவுன்னு சொல்றது, மத்த ஊர்க்காரங்களுக்குப் பதநீர். சுண்ணாம்பு தடவலைன்னா, மரத்துல தொங்கும்போதே காத்துல இருக்கிற ஈஸ்ட் வேலையை ஆரம்பிச்சிரும். சில மணி நேரத்துல அது கள்ளு. அப்படியே விட்டா ஓரிரு நாள்ல காடி.

6/
அதாவது கொங்கு நாட்டோட கிராஃப்ட் பீர் கள்ளுதான். ஒரு ஊர், ஒரு மரம், ஒரு ஆள் இறக்கினது, அன்னைக்கே குடிக்க வேண்டியது. காலையில ஒரு ருசி, மத்தியானம் ஒரு ருசி. பெங்களூருல ஒரு கிளாஸுக்கு நானூறு ஐநூறு கொடுத்து நான் தேடிப்போற அத்தனை விஷயமும் அதுல இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல 1987-ல இருந்து கள்ளு இறக்கறது குற்றம்.

7/
அதனால நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? வாளையாறு தாண்டி, வேலந்தாவளம் தாண்டி, பொள்ளாச்சிக்காரங்க கோபாலபுரம் தாண்டி, கேரளாவுல இருக்கிற கள்ளு ஷாப்புக்குப் போறாங்க. கேரளாவோட பல மாவட்டங்களுக்குக் கள்ளு போறதே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தோப்புகள்ல இருந்துதான். அதே மண்ணு, அதே தென்னை, நடுவுல ஒரு செக்போஸ்ட். அந்தப்பக்கம் கள்ளு இறக்கறது தொழில். தொழிலாளர் நல வாரியமே இருக்கு. இந்தப்பக்கம் கேஸ்.

8/
நானும் போயிருக்கேன். கப்பக்கிழங்கு, மீன் குழம்பு, ஒரு குடுவை கள்ளு. அதையும் நோட்டுல எழுதினேன். ‘நான் குடிகாரன் இல்ல, ருசி பார்க்கிறவன்’னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ‘பிராந்தி, விஸ்கி தொடமாட்டேன். கிராஃப்ட் பீர் மட்டும்தான்.’ இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

9/
இப்ப அந்த நோயாளி. அடையாளம் எதுவும் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்றேன். விசைத்தறி ஓட்டுறவர், நாப்பதைத் தொடாத வயசு. கண்ணு மஞ்சள், வயிறு பானை மாதிரி, கால் ரெண்டும் வீக்கம். வயித்துல இருந்து ஊசி வழியா லிட்டர் கணக்குல நீர் எடுத்தோம். கல்லீரல் சுருங்கிப்போயிருந்துச்சு.

10/
“குடிப்பீங்களாங்கண்ணா?”
“பீர் மட்டும்தானுங்க டாக்டர். பிராந்தியெல்லாம் தொடறதே இல்லீங்க.”
“ஒரு நாளைக்கு எத்தனைங்க?”
“ரெண்டு... மூணு பாட்டிலுங்க. தறி ஓட்டிட்டு வந்தா ஒடம்பு அசதிங்க.”
பக்கத்துல நின்ன அவர் சம்சாரம் சொன்னாங்க: “கண்டதையும் குடிக்கிற மனுசன் இல்லீங்க சார் இவரு. பீரு மட்டுந்தானுங்க.”

11/
எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அது என்னோட வரி. வார்த்தை மாறாம என்னோட வரி. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து ஒரு பேப்பர் எடுத்துக் கணக்கு போட்டேன். அந்தக் கணக்கை நீங்களும் போடுங்க. ரொம்ப ஈஸி.

12/
எத்தனை மில்லி × எத்தனை சதவீதம் × 0.8 ÷ 100 = எத்தனை கிராம் ஆல்கஹால். (0.8 எதுக்குன்னா, ஒரு மில்லி ஆல்கஹாலோட எடை கிட்டத்தட்ட 0.8 கிராம்.) சதவீதம் பாட்டில் மேல சின்ன எழுத்துல போட்டிருக்கும். 10 கிராம் வந்தா ஒரு ‘டிரிங்க்’னு வெச்சுக்கோங்க.

13/
650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8% = சுமார் 41 கிராம். நாலு டிரிங்க்.
180 மில்லி குவாட்டர், 42.8% = சுமார் 61 கிராம். ஆறு டிரிங்க்.
500 மில்லி கிராஃப்ட் பீர், 5% = 20 கிராம். ரெண்டு டிரிங்க்.
ஒரு லிட்டர் கள்ளு, 5%னு வெச்சா = 40 கிராம். நாலு டிரிங்க்.

14/
இன்னொரு தடவை பாருங்க. ஒரு லிட்டர் கள்ளும் ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டிலும் கல்லீரலுக்கு ஒண்ணுதான். மூணு ஸ்ட்ராங் பீர் ரெண்டு குவாட்டருக்குச் சமம். அந்த அண்ணன் தினமும் ரெண்டு குவாட்டர் குடிச்சுட்டு ‘பிராந்தி தொடறதில்லை’ன்னு நம்பிட்டு இருந்தார். அவரை யாரும் ஏமாத்தல. யாரும் கணக்கு சொல்லித் தரல, அவ்வளவுதான்.

15/
என் கணக்கு? சாம்பிளர்ல ஆறு கிளாஸ், 100 மில்லி வீதம், 24 கிராம். அதோட நிறுத்தினா சரி. நிறுத்தினதில்லையே! பிடிச்ச வகையில அரை லிட்டர் மக் ஒண்ணு, நண்பன் வாங்கித் தர்றது ஒண்ணு, கிளம்புறப்ப ஒண்ணு. மொத்தம் 84 கிராம். ஒரே உட்கார்ல 60 கிராமும் அதுக்கு மேலயும் போனா உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக்குடின்னு வகைப்படுத்துது. நோட்டுப் புத்தகத்துல வாழைப்பழ வாசனைன்னு அழகா எழுதிட்டு, மிகைக்குடிதான் பண்ணியிருக்கேன்.

16/
அதனால முதல் கருத்து: ‘இயற்கையானது’, ‘கைவினை’, ‘நம்ம பாரம்பரியம்’ - இந்த வார்த்தைகள் கல்லீரலுக்குப் புரியாது. அது கிராம் மட்டும்தான் எண்ணும். மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லயே முதல் பிரிவுல சேர்த்தாச்சு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில வெளிப்படையாவே சொல்லிருச்சு. இதுல கள்ளுக்கும் கிராஃப்ட் பீருக்கும் விதிவிலக்கு இல்ல.

17/
ஓ.பி.யில தினம் கேக்கிற இன்னொண்ணு: “பீர் குடிச்சா கிட்னி கல் கரைஞ்சிருமாமுங்க.” கரையாது. பீர் குடிச்சா சிறுநீர் அதிகமா போகும், அவ்வளவுதான். அந்த வேலையைத் தண்ணியே பண்ணும், ஓசியில. யூரிக் அமிலக் கல் உள்ளவங்களுக்கும் கவுட் மூட்டுவலி உள்ளவங்களுக்கும் பீர் இன்னும் கெடுதல். “சூட்டுக்கு நல்லது”ங்கிறதும் அப்படித்தான். ஜில்லுன்னு இருக்கிறது பாட்டில்தான். உடம்பு தண்ணியை இழந்துட்டு இருக்கும்.

18/
‘அப்ப எல்லாத்தையும் தடை பண்ணணும்னு சொல்றீங்களா டாக்டர்?’ இல்ல. இங்கதான் என் ரெண்டாவது கருத்து. இதுக்குக் கொஞ்சம் சரித்திரம் வேணும். மதுவிலக்குங்கிற விஷயத்துல நம்ம பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

19/
1921-ல ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியல்ல பெரியார் குடும்பத்துப் பெண்கள் நாகம்மையும் கண்ணம்மாவும் முன்னாடி நின்னாங்க. கள்ளு இறக்கக்கூடாதுன்னு பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். 1937 அக்டோபர் 1-ல ராஜாஜி மதுவிலக்கை முதல்ல கொண்டுவந்தது பழைய சேலம் மாவட்டத்துல, இன்னைக்கு நாமக்கல் எல்லாம் அதுல அடக்கம். 1971-ல மதுவிலக்குத் தளர்ந்துச்சு, 1974-ல திரும்ப வந்துச்சு, 1981-ல மறுபடி தளர்ந்துச்சு. 1987-ல கள்ளுக்குத் தடை. 2003-ல சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்கு வந்துச்சு.

20/
கூட்டிக்கழிச்சா இன்னைக்கு நிலவரம் என்ன? 5% பக்கம் இருக்கிற கள்ளு குற்றம். 42.8% பிராந்தி, அரசாங்கக் கடையில கிடைக்கும். பலவீனமானதுக்குத் தடை, பலமானதுக்கு ரசீது. உலகத்துல பெரும்பாலான ஊர்ல இது தலைகீழா இருக்கும். ஒரு டாக்டரா எனக்கு இதுல நியாயம் புரியல.

21/
கலப்படம்தான் காரணம்னு சொன்னாங்க. அந்தப் பயம் பொய்யில்ல. 2015-ல தெலங்கானாவுல கலப்படக் கள்ளு மேல கெடுபிடி வந்தப்ப, அதைக் குடிச்சுப் பழகினவங்க நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கள்ளுல அல்பிரசோலம்ங்கிற தூக்க மாத்திரை கலந்திருந்துச்சு. கள்ளை நிறுத்தினதும் மாத்திரை கிடைக்காத உடம்பு ஆட்டம் கண்டிருச்சு. கள்ளு ஆதரவாளர்கள் இதைப் பத்திப் பேசறதே இல்ல. பேசணும்.

22/
ஆனா தடையும் கலப்படத்தை நிறுத்தல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேல செத்தாங்களே, அது மெத்தனால். மரத்துல இருந்து வந்ததில்ல, தொழிற்சாலையில பயன்படுத்துற கரைப்பான். உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத் தாக்கும், அப்புறம் உயிரை. குடிச்ச மறுநாள் கண்ணு மங்கலா, பனி மூட்டம் மாதிரி தெரிஞ்சா ஒரு நிமிஷம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சீக்கிரம் வந்தா மாற்று மருந்து இருக்கு.

23/
இன்னொரு விஷயம். ஒளிச்சுக் குடிக்கணும்னா, ஒளிச்சுக் கடத்தணும்னா, சின்ன இடத்துல அதிகப் போதை இருக்கணும். கள்ளை ரெண்டு நாள் வெச்சுக்க முடியாது, ஒரு குடத்தை மடியில ஒளிக்க முடியாது. சாராயத்தை முடியும். அதனாலதான் தடை எங்க வந்தாலும் மெல்லிய பானம் காணாம போய் கடுமையான பானம் மிஞ்சுது.

24/
கள்ளுக்கு அனுமதி கேட்டு நம்ம பக்கம் நல்லசாமி மாதிரி விவசாயத் தலைவர்கள் பல வருஷமா போராடுறாங்க. ‘கள்ளு மது இல்ல, உணவு’ங்கிறது அவங்க வாதம். மரமேறிகளோட பொழைப்பு, விவசாயியோட வருமானம் - அந்தப் பாதி எனக்கு முழுசா சம்மதம். 2017-ல நீரா இறக்க அனுமதி கொடுத்தாங்க. ஆனா புளிக்காம வெச்சுக்கக் குளிர்பதனம் வேணும், செலவு ஜாஸ்தி. சின்ன விவசாயிக்குச் சுலபமில்ல.

25/
ஆனா ‘உணவு’ங்கிற பாதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெளுவு உணவு. கள்ளு மது. உணவுன்னு சொல்லித் திறந்தா குழந்தைக்கும் கொடுப்பாங்க, கர்ப்பிணிக்கும் கொடுப்பாங்க, சர்க்கரை மாத்திரை போடுறவரும் ‘உணவுதானே’ன்னு குடிச்சுட்டு லோ சுகராகி மயங்கி வருவார். மெல்லிய மதுன்னு உண்மையைச் சொல்லிக் கேளுங்க. உண்மையே போதுமான வாதம்.

26/
நான் முதலமைச்சர் இல்ல. ஆனா கேட்டா இதைச் சொல்வேன்.
ஒண்ணு: எல்லாப் பாட்டில் மேலயும் ‘இதில் இத்தனை கிராம் ஆல்கஹால், இத்தனை டிரிங்க்’னு பெரிய தமிழ் எழுத்துல போடணும். சதவீதம் யாருக்கும் புரியறதில்ல. எண்ணிக்கை புரியும்.

27/
ரெண்டு: விலையை ஆல்கஹால் கிராமை வெச்சுக் கட்டணும். மெல்லியது மலிவா, கடுமையானது விலை ஜாஸ்தியா இருக்கணும். ஸ்காட்லாந்துல 2018-ல ஒரு யூனிட் ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ்க்குக் கீழ விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. மதுவால நேரடியா வர்ற சாவுகள் அதனால சுமார் 13% குறைஞ்சதா 2023-ல ‘லான்செட்’ இதழ்ல ஆய்வு வந்துச்சு. நம்ம ஊர்ல குறைஞ்ச காசுக்கு அதிகப் போதைங்கிறதுதான் தினக்கூலிக்காரர் போடுற கணக்கு. அந்தக் கணக்கை மாத்தணும்.

28/
மூணு: கள்ளை அனுமதிக்கலாம், ஒரு நிபந்தனையோட. மரமேறிகள் கூட்டுறவு மூலமா, இறக்கின அன்னைக்கே, சோதனை பண்ணி, உட்கார்ந்து சாப்பிட்டுக் குடிக்கிற இடத்துல மட்டும். அது திறக்கிற அளவுக்கு அந்த ஊர்ல குவாட்டர் விற்பனை குறையணும். இருக்கிறதோட இதையும் சேர்த்தா எனக்கு வார்டுல இன்னும் நாலு கட்டில் வேணும், அவ்வளவுதான் நடக்கும்.

29/
நாலு: 2023-24-ல மட்டும் டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல. அதுல கண்ணுக்குத் தெரியற ஒரு பங்கு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலயும் குடிநோய் சிகிச்சைக் கட்டிலா திரும்பி வரணும். விக்கிறவங்க கையிலதான் மருத்துவமனையும் இருக்கு. இதைவிடச் சுலபமான ஏற்பாடு வேற எந்தத் தொழில்லயும் இல்ல.

30/
பணம் இருக்கிறவன் பெங்களூருல ஆறு குட்டி கிளாஸ், சாப்பாடு, ஏசி, சதவீதம் எழுதின மெனு கார்டோட குடிக்கிறான். அவனுக்குப் பேரு ரசிகன். தறி ஓட்டுறவர் கடை ஓரத்துல நின்னு, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு ஊறுகாய் பாக்கெட், பத்து நிமிஷத்துல ஒரு குவாட்டர். அவருக்குப் பேரு குடிகாரன். கல்லீரல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் தகவல்லயும், நேரத்துலயும், உட்கார ஒரு இடத்துலயும் இருக்கு. இந்த மூணும் ஏழைக்கும் கிடைக்கணும்ங்கிறதுதான் இந்த த்ரெட்டோட சாரம்.

31/
படிக்கிறவங்களுக்கு மட்டும் சில வார்த்தை. குடிக்காதவங்க: எந்தக் காரணத்துக்காகவும் ஆரம்பிக்காதீங்க, கிராஃப்ட் பீருக்காகவும் வேண்டாம். எப்பவாவது குடிக்கிறவங்க: இந்த வாரம் ஒரு தடவை கிராம் கணக்கு போட்டுப் பாருங்க. மெட்ரோனிடசோல், டி.பி. மருந்து, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நாங்க திட்டினாலும் சொல்லுங்க.

32/
தினமும் நிறையக் குடிக்கிறவங்க: இதைப் படிச்சுட்டு நாளைக்கே திடீர்னு நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகலாம். ஆஸ்பத்திரிக்கு வந்து நிறுத்துங்க. பி1 ஊசி போட்டு, மருந்து கொடுத்து, பத்திரமா நிறுத்த வழி இருக்கு. பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ், இலவசம்.

33/
‘நீங்க இன்னும் குடிக்கிறீங்களா டாக்டர்?’னு கேப்பீங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பெங்களூரு போறேன். ஆறு குட்டி கிளாஸ், நண்பன் ஒருத்தனோட பங்கு போட்டு. அதோட எந்திரிச்சிருவேன். நோட்டுல இப்பவும் வாசனை எழுதுறேன், பக்கத்துல கிராமும் எழுதுறேன். இதைச் சரின்னு சொல்ல வரல. இதுதான் என் நிலைமை, அதை மறைக்கல.

34/
அந்த அண்ணன் ரெண்டு தடவை திரும்பி வந்தார். மூணாவது தடவை அவர் சம்சாரம் மட்டும் வந்தாங்க, இறப்புச் சான்றிதழ் சம்பந்தமா. கையெழுத்து வாங்கிட்டுப் போறப்ப கேட்டாங்க: “பீரு மட்டும்தானுங்களே சார் குடிச்சாரு... எப்படிங்க?”
அவங்களுக்கு அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியல. ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கணும். அதான் உங்ககிட்ட சொல்றேன். வீட்டுல யாராவது ‘பீர் மட்டும்தான்’னு சொன்னா, அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

முடிஞ்சுது. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் போடுறேன்.